பதிவேட்டில் ஏழாவது வரி

என் தங்கை றஜீனா பொய் எழுதமாட்டாள். பார்க்கிங் என்ற எங்கள் ஊரில், பங்குக் கோயிலைச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சிலர் புகழ்ச்சியாகச் சொல்வார்கள், சிலர் எரிச்சலோடு.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. வேலை ஓர் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில். தினமும் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஆனால் ஆட்கள் அவளைத் தேடி வருவது சாப்பாட்டுக்கு அல்ல, விண்ணப்ப ஃபோம் நிரப்புவதற்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்டபத்தின் கடைசி மேசையில் அவள் உட்காருவாள். கவுன்சில் வீடு, பெனிபிட், பாஸ்போட், எதுவானாலும் கறுப்புப் பேனை, பெரிய எழுத்து, ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து. வெட்டல், திருத்தல் கிடையாது.

ஒருமுறை றோஸ்மலர் அக்கா நடக்க இயலாதோருக்கான அரச உதவிப்பண ஃபோமோடு வந்து கதைத்ததை நான் பக்கத்து மேசையில் இருந்து கேட்டேன்.

"பிள்ளை, அம்பது மீற்றர் நடக்க ஏலாது எண்டு போடு."

"இப்ப எங்கையிருந்து வாறியள் அக்கா?"

"ஸ்ரேசனிலை இருந்து."

"நடந்தோ?"

"பின்னை, பறந்தே வாறது?"

"அப்ப ஏலும் எண்டுதான் போடுவன்."

றோஸ்மலர் அக்கா மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. நான்காம் மாதம் வேறொரு ஃபோமோடு வந்தார்.

என்னுடைய ஃபோம்களையும் அவள்தான் நிரப்புகிறாள். நான் பேசாலையில் ஏழாம் வகுப்போடு நின்றவன். டகனமில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை. பெட்டியில் உள்ள ஆங்கிலம் வாசிப்பேன், அதற்கு மேல் இல்லை. 1999இல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டொக்டரிடம் பதிவதென்றாலும், வாக்காளர் பட்டியல் என்றாலும், முதல் வரியில் தன் பெயரை எழுதுவாள். அடுத்த வரியில் என் பெயரை எழுதுவாள். யேசுரட்ணம், வயது, தொழில், கையெழுத்து உட்பட. இருபத்தைந்து வருடமாக அவள் கை அப்படியே பழகிவிட்டது. இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவள் மலை ஏறப் போனதும் ஒரு ஃபோமினால்தான்.

பள்ளிக்கூட வாசலில் ஊழியர்களின் படங்களை ஒட்டும் பலகை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி: "நான் செய்த, நீங்கள் எதிர்பார்க்காத ஒரு காரியம்." ஓர் ஆசிரியை பரசூட்டில் குதித்திருந்தார். துப்புரவு செய்பவர் தொலைக்காட்சியில் பாடியிருந்தார். றஜீனாவின் படத்துக்குக் கீழ் வெறுமையாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதிலை போட என்னட்டை ஒண்டும் இல்லை, அண்ணை."

என் மனைவி எமில்டா சொன்னாள், "நாலாயிரம் ஃபோம் நிரப்பினனான் எண்டு போடு."

"அதை எல்லாரும் எதிர்பாப்பினம், மச்சாள்."

அந்த வருடம் பள்ளியிலிருந்து ஐந்து பேர் பெப்ரவரி விடுமுறையில் கிளிமஞ்சாரோ ஏறப் போவதாக இருந்தார்கள். ஏழு நாள், கூடாரம், வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர்கள், எல்லாம் ஒழுங்கு. அந்தக் குழுவில் லக்‌ஷிகா என்று ஓர் இளம் ஆசிரியை. ஈஸ்ட் ஹாமில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. றஜீனா அவளிடம் போய் ஆறாவது ஆளாகத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

பத்து மாதம் பயிற்சி எடுத்தாள். வேலை முடிந்து பார்க்கிங் பார்க்கைச் சுற்றி நடந்தாள். ஞாயிறுகளில் ஆர்ச்வே மேட்டில் முதுகுப்பை நிறைய அரிசிப் பையோடு ஏறி இறங்கினாள். அங்குள்ள முருகன் கோயிலுக்கு வந்தவர்கள் அவள் நேர்த்திக்கடன் செய்கிறாள் என்று நினைத்து வழிவிட்டார்களாம். சாமான் பட்டியல் என் பொறுப்பு. நாற்பத்துமூன்று பொருட்கள், மலையில் ஊன்றி நடக்கும் தடி உட்பட. மூன்று தரம் எண்ணினேன். நாற்பத்துநாலாவதாக எமில்டா எனக்குத் தெரியாமல் தலையிடிக்கு இரண்டு அட்டை பனடோல் வைத்திருந்தாள்.

புறப்படும் நாளில் நான் அவளிடம் சொன்னேன்: "நீ அங்கை மத்தியானம் நடக்கேக்கை எனக்கு இஞ்சை காலமை. ஒவ்வொரு நாளும் ஒம்பது மணிக்கு நானும் பார்க்கிலை நடப்பன்."

"எண்ணி நடப்பியளோ?"

"எண்ணாமல் எனக்கு நடக்கத் தெரியாது."

அது உண்மை. களஞ்சிய வேலை தந்த பழக்கம். படி ஏறினாலும் பாதை நடந்தாலும் வாயில் எண்ணிக்கை ஓடும். நடந்தவற்றை ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதியும் வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஏறத் தொடங்கினார்கள். திங்கள் பின்னேரம் இரண்டாவது முகாமிலிருந்து அழைத்தாள். குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணை, எங்கடை வழிகாட்டிக்குப் பேர் இம்மானுவேல். எங்களை மாதிரி வேதக்காரர். எந்த நேரமும் 'போலே போலே' எண்டு சொல்லிக்கொண்டு நடக்கிறார். மெதுவாய், மெதுவாய் எண்டு அவையின்ரை பாசையிலை. சுமை தூக்கிறவையும் அதைத்தான் சொல்லினம். எனக்கு மட்டும் தமிழாய்க் கேக்குது. 'போல, போல' எண்டு. ஆரைப் போல எண்டு திரும்பிக் கேக்க வேணும் போல கிடக்கு."

நாங்கள் இருவரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை பார்க்கில் மூடுபனி. ஏரியின் மறுகரை தெரியவில்லை. நான் இரண்டாவது சுற்றில் இருந்தேன். எனக்குப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். கல்லில் ஊன்றுகோல் படுகிற சத்தம். நான் நின்றேன், அதுவும் நின்றது. யாராவது வயதானவராக இருக்கும் என்று ஒதுங்கி வழிவிட்டேன். ஒருவரும் வரவில்லை. நடந்தேன். பத்து அடிக்குப் பின்னால் மறுபடியும் டிக், டிக். கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "செவ்வாய். 9.40. பின்னால் தடிச் சத்தம். ஆள் இல்லை."

புதன்கிழமை, அன்று சாம்பல் புதன், அதே சத்தம் இன்னும் கிட்டத்தில் வந்தது. ஆறு அடி இருக்கும். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து முடித்தேன். எமில்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் காது பார்க்க டொக்டரிடம் கூட்டிப் போவாள்; அதற்கு ஃபோம் நிரப்ப ஆள் இல்லை.

அன்று பின்னேரம் றஜீனா அழைத்தாள். குரல் ஒரு கனமான கதவுக்குப் பின்னால் இருந்து வருவது போல இருந்தது.

"அண்ணை, நீங்கள் நடக்கேக்கை சத்தமாய் எண்ணுறனீங்களோ, மனசுக்குள்ளையோ?"

"வாயாலைதான். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

"றஜி, உனக்குத் தலையிடியோ?"

அவள் கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். செவ்வாய்க்கிழமை தொடக்கம் தலையிடி. சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் இம்மானுவேல் ஒரு தாளோடு கூடாரங்களுக்கு வருவார். தலையிடி, வாந்தி, தலைசுற்று, நித்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடையாளம் இடுவார். விரலில் ஒரு கருவியை மாட்டிப் பார்ப்பார். அவள் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொல்லியிருக்கிறாள். கருவி குறைவாகக் காட்டியபோது கை குளிர்ந்துபோனது என்று சொல்லியிருக்கிறாள். எமில்டா வைத்த பனடோலில் ஓர் அட்டை முடிந்துவிட்டது.

"நீயோ?" என்றேன். "நீயோ ஃபோமிலை பொய் சொன்னனி?"

"சொன்னால் இறக்கிப்போடுவினம், அண்ணை. நாளைக்குக் கடைசி முகாம். நாளண்டைக்கு விடியேக்கை உச்சி. இன்னும் ஒண்டரை நாள்தான். ஒரே ஒரு வரிக்காக. தயவுசெய்து ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

இம்மானுவேலின் எண் என் பட்டியலின் கடைசி வரியில் இருந்தது. நான் அழைக்கவில்லை. அவள் இருபத்தைந்து வருடத்தில் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்ட முதல் காரியம் இது. ஆனால் உயரத்தில் மூளை வீங்கி ஆட்கள் இறந்துபோவார்கள் என்று அவளே எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்றிரவு முழுக்க இரண்டையும் வைத்துத் தட்டழிந்தேன். இம்மானுவேலிடம் தானே சொல்லிவிட்டதாக அவள் காலையில், பத்து மணிக்குள், எனக்கு அறிவிக்காவிட்டால் நானே அவரை அழைப்பது என்று முடிவெடுத்தேன்.

வியாழக்கிழமை. பனி விலகவேயில்லை. பார்க்கில் நாய் கூட இல்லை. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். தடிச் சத்தம் இப்போது என் குதிகாலோடு ஒட்டி வந்தது. யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது. நீளமாக இழுத்து, பாதியில் நிறுத்தி, மறுபடி இழுக்கிற மூச்சு. முதல் சுற்று முடிந்து, ஏரிக்கரை வாங்கிலில் சற்று உட்கார்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மறுகரை வாங்கிலுக்குக் கிட்ட இடது சப்பாத்தின் லேஸ் அவிழ்ந்தது. குனிந்து கட்டினேன். குனிந்திருக்கும்போது என் முதுகில் ஒரு குளிர் வந்து தங்கியது. யாரோ வெயிலை மறைத்து நிற்பது போல. ஆனால் அன்று வெயிலே இல்லை.

நிமிர்ந்து இம்மானுவேலின் எண்ணை அழுத்தினேன். மணி போகவில்லை. மூன்று தரம் முயன்றேன். கொப்பியில் எழுதினேன்: "வியாழன். 10.05. இரண்டாம் சுற்று, 1,312ஆம் அடி. இடது லேஸ். ரெலிபோன் எடுபடவில்லை." எழுதி முடித்தபோது எனக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த மூன்று நாட்களில் என்னை உண்மையாகப் பயப்படுத்தியது அதுதான். தடியும் இல்லை, மூச்சும் இல்லை. "றஜி" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

அந்த நேரம் மலையில் நடந்ததை லக்‌ஷிகா பிறகு எங்கள் குசினி மேசையில் இருந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

கடைசி முகாம் நாலாயிரத்து அறுநூற்று எழுபத்துமூன்று மீற்றரில். அங்கே பச்சை நிறக் குடிசை ஒன்று. அதில் காவலர் ஒருவர், பெரிய பதிவேடு ஒன்று. எந்த முகாமுக்கு வந்தாலும் முதலில் அந்த வரிகளை நிரப்ப வேண்டும்: பெயர், வயது, நாடு, தொழில், கையெழுத்து. ஆறு பேரும் பகல் ஒரு மணி தாண்டி ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். றஜீனா கடைசி. எழுதி முடித்துப் பேனையை வைத்தாள். காவலர் பதிவேட்டைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், இம்மானுவேலைக் கூப்பிட்டார்.

"உன் குழு ஆறு பேர். இங்கே ஏழு வரி."

ஏழாவது வரியில் பெரிய எழுத்தில், ஒரு வெட்டல் இல்லாமல், என் பெயர் இருந்தது. யேசுரட்ணம், 61, பிரித்தானியா, சரிபார்ப்பாளர். கையெழுத்தும் இருந்தது.

இம்மானுவேல் றஜீனாவிடம் அமைதியாகக் கேட்டாராம், "இது யார்?"

"என் அண்ணன்."

"அவர் எங்கே?"

றஜீனா திரும்பி, வந்த பாதையைக் காட்டினாள். அங்கே கல்லும் முகிலும்தான். "அந்தா, அதிலை நிக்கிறார். லேஸ் கட்டுறார். செவ்வாய்க்கிழமையில் இருந்து பின்னாலைதான் எண்ணிக்கொண்டு வாறார். ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டிலை நிப்பாட்டிப்போட்டார்." பிறகுதான் தான் தமிழில் சொல்கிறேன் என்று உணர்ந்து ஆங்கிலத்தில் மறுபடி சொன்னாள், எண்ணையும் சேர்த்து.

லக்‌ஷிகா சொன்னாள்: "அங்கிள், நானும் திரும்பிப் பாத்தன். Nobody. ஆனா அன்ரி சொன்ன மாதிரி பாக்கேக்கை, I swear, ஒரு ஆள் குனிஞ்சு நிக்கிறதுக்கு எவ்வளவு இடம் வேணுமோ, அவ்வளவு இடத்திலை மட்டும் முகில் இல்லை."

இம்மானுவேல் அவளைச் சமநிலத்துக்குக் கூட்டிப்போனார். நிலத்தில் தடியால் ஒரு கோடு கீறி, குதிகாலை விரலோடு ஒட்டவைத்து அதில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் றஜீனா சாய்ந்தாள். உடனே ஒக்சிசன், ஓர் ஊசி, இரண்டு பேர் தோள். தேத்தண்ணி கூடக் குடிக்கவிடாமல் இறக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் தாளில் பொய் சொல்லி மறைத்ததை, ஒரு வரி காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தப் பழகிய கை இல்லாவிட்டால் நள்ளிரவில் அவளும் உச்சிக்கு ஏறியிருப்பாள். அடிவார ஊரில் பார்த்த டொக்டர், ஏறியிருந்தால் இறங்கியிருக்க மாட்டாள் என்று சொன்னார்.

இறங்கும்போது அவள் அழுதாளாம். "என் வரி போச்சு" என்று. இம்மானுவேல் அவள் தோளைப் பிடித்து "போலே" என்றார். இந்தத் தரம் ஒருமுறைதான். ஏன் ஒருமுறை என்று கேட்டாள். இரண்டு தரம் சொன்னால் மெதுவாக. ஒரு தரம் சொன்னால், உனக்கு வந்த கஷ்டத்துக்கு நானும் வருந்துகிறேன் என்று அர்த்தம் என்றார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தாள். முகம் வெயிலில் கருகி, உதடு வெடித்திருந்தது. எமில்டா சோறு போட்டாள். மூன்று தரம் போட்டாள், றஜீனா மூன்று தரமும் சாப்பிட்டாள்.

"இனி என்ரை சாமான் பட்டியலைத் திறக்காதே" என்று நான் எமில்டாவுக்குச் சொன்னேன்.

"என்ரை பனடோல்தான் அவளைக் காப்பாத்தினது."

"உன்ரை பனடோல்தான் அவளை அவ்வளவு உயரம் ஏத்தினது."

றஜீனா சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். இம்மானுவேல் எழுதிய அறிக்கையின் பிரதி. காப்புறுதிக்கு வேண்டும் என்று கொடுத்திருந்தார். அதில் நேரம் 13.05. "நோயாளி தன் சகோதரன் பின்னால் நின்று சப்பாத்து லேஸ் கட்டுவதாகவும், 1,312 வரை எண்ணியதாகவும் சொல்கிறார்." அவளே எனக்கு வாசித்து விளக்கினாள்.

"தலைக்குக் காத்துப் போகாட்டி இப்பிடியெல்லாம் தெரியுமாம், அண்ணை. ஒக்சிசன் குறைவு. டொக்டர் சொன்னவர், கனபேர் இப்பிடி ஆள் பாத்திருக்கினமாம்."

நான் எழுந்துபோய் என் கொப்பியை எடுத்துவந்தேன். வியாழன் பக்கத்தைத் திறந்து அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே 13.05 என்றால் இங்கே 10.05. மூன்று மணி வித்தியாசம். 1,312. இடது லேஸ்.

எமில்டா இரண்டையும் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"மலையிலை ஒக்சிசன் குறைவு" என்றேன் கடைசியில். "பார்க்கிங் பார்க்கிலை என்ன குறைவு?"

தடிச் சத்தத்தைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். றஜீனா கவனமாகக் கேட்டாள். முகத்தில் ஒரு ஃபோமை வாசிக்கும்போது வருகிற அந்தப் பார்வை.

"நான் உங்களுக்குப் பின்னாலை. நீங்கள் எனக்குப் பின்னாலை" என்றாள். "அப்ப முன்னாலை போனது ஆர், அண்ணை?"

நான் கொப்பியின் மூன்று நாள் பக்கங்களையும் புரட்டினேன்; முன்னால் போன ஆள் என்று ஒரு வரியும் இல்லை.

பள்ளிப் பலகையில் அவள் தன் வரியை நிரப்பிவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். கறுப்புப் பேனை, பெரிய எழுத்து: "கிளிமஞ்சாரோவில் 4,673 மீற்றர் வரை ஏறினேன். உச்சிக்குப் போகவில்லை. தலையிடியை மறைத்தேன்." பரசூட்டில் குதித்த ஆசிரியை அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாராம். உச்சிக்குப் போய்வந்தவர்கள் அந்தப் பலகையில் இருக்கிறார்கள். தான் சொன்ன பொய்யைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தவள் என் தங்கை ஒருத்திதான்.

போன மாதம் இம்மானுவேல் ஒரு செய்தி அனுப்பினார். அவர் அடுத்த குழுவோடு மேலே போகிறார். அடிவாரக் கணக்கில் ஆறு பேர் இறங்கியதாக இருக்கிறது, முகாம் பதிவேட்டில் ஏழு பேர். காவலர் அந்த ஏழாவது வரியை வெட்டட்டுமா என்று கேட்கிறாராம்.

றஜீனா ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பொய் எண்டால் வெட்டத்தான் வேணும், அண்ணை. நீங்கள் சொல்லுங்கோ. அது பொய்யோ?"

நான் கொப்பியை மறுபடி ஒருமுறை பார்த்தேன். களஞ்சியத்தில் முப்பது வருடமாக நான் செய்கிற வேலை இதுதான். எழுதியதும் இருப்பதும் சரியா என்று பார்ப்பது. சரியில்லாததை வெட்டுவது.

"வெட்ட வேண்டாம் எண்டு எழுது" என்றேன்.

அவள் எழுதினாள்.

நான் இப்போதும் காலையில் பார்க்கில் நடக்கிறேன். றஜீனாவும் வருவாள், பக்கத்தில், தடி இல்லாமல். பின்னால் சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகும்போது, எவ்வளவு வெயில் எறித்தாலும், என் இடது காலின் விரல்கள் மட்டும் பனியில் நிற்பது போல விறைக்கின்றன. எமில்டாவிடம் சொன்னேன்.

"ரெண்டு காலுறை போட்டுக்கொண்டு போங்கோ" என்றாள்.